பதவி என்ன?

நம் விடுதி அறைகளில் இறுதியாண்டு மாணவர்கள் கூடிப் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "வேலை எந்த ஊரில்?" சம்பளம் எவ்வளவு என்பதுகூட இரண்டாவது கேள்விதான். சென்னை, கோவை என்றால் முகம் மலர்கிறது. பெங்களூர் என்றால் பாதகமில்லை. கொல்கத்தா, நாகபுரி, கௌஹாத்தி என்று சொல்லிவிட்டாலோ, "வேறு இடம் கிடைக்கவில்லையா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்கிறார்கள். வேற்றுமொழிக்காரர் ஒருவருக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டுமே என்ற அச்சம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. "நம்மவர் மேலதிகாரியாக இருந்தால் நம் கஷ்டம் அவருக்குத் தெரியும்" என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். தெரியும்தான். நம் கஷ்டம் மட்டுமா தெரியும்? நம் ஊர் தெரியும்; ஊரில் எந்தத் தெரு என்பது தெரியும்; தெருவைச் சொன்னால் மற்றதெல்லாம் சொல்லாமலே தெரியும். அவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு நம் வேலையைப் பார்க்க அவருக்குக் கண் எவ்வளவு மிச்சமிருக்கும் என்பதே என் ஐயம்.

இதை வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. ஆராய்ச்சி மாணவனாக இங்கே வந்து சேர்வதற்கு முன், 2015 முதல் 2019 வரை, கொல்கத்தாவின் பெஹாலாவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். என் மேலதிகாரி ஒரு வங்காளி. சென்ற ஆண்டு அவர் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னார். அன்று முதலே அவரைப் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன். தம் பெயர் அச்சில் வருவதை விரும்பாத மனிதர். ஆகவே மேலதிகாரி என்றே சொல்லிச் செல்கிறேன்.

பெஹாலா நகரின் தென்மேற்கில், டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கும் நீண்டு கிடக்கும் பழைய பேட்டை. நான் இருந்த நாளில் மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் மட்டும் சாலை நடுவே வெயில் காய்ந்துகொண்டு நின்றன. ஜோக்காவிலிருந்து தாரதலா வரை ரயில் ஓடத் தொடங்கியது 2022 டிசம்பரில்தான். பெஹாலாவின் பரிஷா பகுதியில் சாவர்ண ராய் சௌத்ரி என்னும் ஜமீன் குடும்பத்தின் பழைய மண்டபம் இருக்கிறது. சூதானுட்டி, களிகாதா, கோபிந்தபூர் என்ற மூன்று ஊர்களின் உரிமையை 1698-ஆம் ஆண்டில் 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்த குடும்பம் அது. அந்தப் பத்திரம் அம்மண்டபத்தில்தான் எழுதப்பட்டது என்பது ஊரார் கூற்று. "அந்நியனை மேலதிகாரியாக்கிக்கொள்ளும் வழக்கத்தை இந்த நாட்டில் தொடங்கி வைத்தவர்களே நாங்கள்தாம், ஆகையால் நீ பயப்படாதே" என்று என் மேலதிகாரி வேடிக்கையாகச் சொல்வார்.

நான் வேலையில் சேர்ந்த அன்று அவர் கேட்ட முதற்கேள்வி, "உங்கள் பதவி என்ன?" என்பது. வங்காளியின் நாவில் அது "பொதொபி" என்று ஒலித்தாலும் எழுத்தில் நம் பதவியேதான். அன்றுதானே வேலைக்கு வந்திருக்கிறேன், எனக்கு ஏது பதவி என்று நான் விழிக்க, அவர் விளக்கினார்: பதவி என்றால் வங்காளத்தில் குடும்பப் பெயர். முகர்ஜி, கோஷ், தாஸ், மண்டல் என்று பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு வருவது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு என்றேன். பாரத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் விட்டால் கணிப்பொறி ஏற்றுக்கொள்ளாது. எழுத்தர் தலையைச் சொறிந்தார். மேலதிகாரி சற்று யோசித்துவிட்டு, "முதலெழுத்தையே அந்தக் கட்டத்தில் போடு. பதவி இல்லாத ஆளும் உலகத்தில் இருக்கட்டும்" என்றார்.

நண்பர்களே, இந்த ஒரு சொல்லை நான் பல நாள் அசைபோட்டிருக்கிறேன். அவர்களுக்குப் பதவி பிறப்பில் வருகிறது. நமக்கு உழைப்பில் வருகிறது. கேட்கும்போது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. 1929-ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பயனை நம் வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தாலே காணலாம். இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு எளிதில் காணமுடியாத காட்சி அது. ஆயினும் பட்டத்தை வாசலில் கழற்றி வைத்த நாம், கொல்லைப்புற வழியாக அதையே தேடிப் போவதில்லையா? "தம்பிக்கு எந்த ஊர்?" என்று தொடங்கி, "ஊரில் எந்தப் பக்கம்?" என்று நகர்ந்து, "குலதெய்வம் எது?" என்று முடியும் விசாரணையை அறியாதவர் நம்மில் யார்? வங்காளி முன்வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறான். நாம் பலகையைக் கழற்றிவிட்டு அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம்.

என் மேலதிகாரியால் என்னை விசாரிக்க முடியவில்லை. என் பெயரிலிருந்தும் ஊரிலிருந்தும் அவர் ஒன்றையும் தெரிந்துகொள்ள வழியில்லை. கன்னியாகுமரி முதல் விஜயவாடா வரை எல்லாம் அவருக்கு மதராஸ்தான். இந்த அறியாமையைக் கண்டு நான் முதலில் சிரித்தேன். போகப்போக அதன் அருமை விளங்கிற்று. என்னைப் பற்றி அவர் தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: நான் எழுதிய கணக்கு சரியா, தவறா என்பது.

அந்தக் கணக்கையும் அவர்தாம் கற்றுக்கொடுத்தார். தொழிற்சாலைக்குச் சாமான் தரும் சிறு கடைக்காரர்கள் வங்காள எண்களில் பட்டியல் எழுதுவார்கள். அந்த எண்களில் ஒரு பெரும்பொறி இருக்கிறது. அவர்களுடைய நான்கு பார்வைக்கு நம் 8 போலவே இருக்கும். அவர்களுடைய ஏழு நம் 9 போல இருக்கும். அறியாதவன் 47 ரூபாயை 89 ரூபாய் என்று வாசித்துவிடுவான். முதல் நாளே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பழைய பட்டியல்களை ஒவ்வொன்றாக எடுத்து, மாலை வரை என்னைப் படிக்கவைத்தார். அவருடைய நிலையில் இருந்தவர் அதற்கு ஓர் எழுத்தரை அனுப்பியிருக்கலாம். படித்து முடித்ததும், "இனி உன் எண்களை எழுதிக் காட்டு" என்றார். என் பாட்டனார் ஓலைச்சுவடிக்காலத்துப் பழக்கமாக எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த தமிழ் எண்கள் அன்று என் மானத்தைக் காத்தன. ஒன்று என்பதற்கு நாம் எழுதுவது 'க' என்னும் எழுத்தைப் போலவே இருக்கிறது என்று சொன்னபோது அவர் குழந்தைபோல் மகிழ்ந்தார். (இதைப் படிக்கும் நண்பர்களில் எத்தனை பேர் பத்து வரை எழுதிக்காட்டுவீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.)

சித்திரை பிறந்தால் அங்கேயும் ஆண்டு பிறக்கிறது. பெரும்பாலும் நமக்கு ஏப்ரல் 14, அவர்களுக்கு மறுநாள். அன்று வணிகர் பழைய பேரேட்டை மூடிப் புதிய பேரேட்டைத் திறந்து, வாடிக்கைக்காரருக்கு இனிப்பு வழங்குவார்கள். அதற்கு ஹால்காதா என்று பெயர். செப்டம்பர் 17-ஆம் நாள், ஏதோ சில ஆண்டுகளில் மட்டும் ஒரு நாள் தள்ளி, விசுவகருமா பூசை. நம் ஆயுத பூசையேதான்: இயந்திரத்துக்குச் சந்தனமும் மாலையும் உண்டு, ஆனால் வானமெல்லாம் காற்றாடி பறக்கும். ஒரு நாள் மதியம் அவர் தம் உணவுப் பாத்திரத்தைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். முதல்நாள் இரவு நீர் ஊற்றி வைத்த சோறு, பச்சை மிளகாய், வெங்காயம். பாந்தா பாத் என்றார். பழைய சோறு என்றேன் நான். மதராசிகள் மூன்று வேளையும் இட்லி தின்பவர்கள் என்று ஐம்பத்தைந்து ஆண்டுகளாக நம்பியிருந்த மனிதர், பாத்திரத்தை என் பக்கம் தள்ளினார். அன்றுவரை "ஆப்னி" என்று என்னை விளித்தவர், அன்று "துமி" என்றார். வங்காளத்தில் முன்னிலைக்கு மூன்று சொற்கள்: ஆப்னி, துமி, துய். நம் அலுவலகத்தில் நீங்கள் என்பது நீ என்று இறங்கினால் அது அவமதிப்பு. அங்கே ஆப்னியிலிருந்து துமிக்கு வருவது, திண்ணையில் இருந்தவனைக் கூடத்துக்கு அழைப்பது போன்றது.

நானும் மற்றவர்களைப் போல அவரைத் "தாதா" என்றே அழைத்தேன். அதற்கு அண்ணன் என்று பொருள். நம் திரைப்படங்கள் அச்சொல்லுக்கு ஏற்றிவிட்ட பொருள் வேறு என்று சொன்னபோது சிரித்துவிட்டு, "எங்கள் பேட்டையில் உண்மையான தாதா ஒருவர்தாம்" என்று சௌரவ் கங்கூலியின் வீடு இருக்கும் திசையைக் காட்டினார். மண்டலத்துக்கு ஒருவர் என்று தேர்வாளர்கள் அமர்ந்து, ஆட்டக்காரனின் மாநிலத்தையும் எடை போட்டுவந்த காலத்தில் அணித்தலைவரானவர் கங்கூலி. 2003-04 ஆஸ்திரேலியப் பயணத்துக்குக் கர்நாடகத்துக் கும்ப்ளே வேண்டும் என்று வாதாடி அழைத்துச் சென்றார். கும்ப்ளே அத்தொடரில் 24 விக்கெட்டுகள் எடுத்தார். நம் பாலாஜி இந்திய அணிக்குள் வந்ததும் அவர் தலைமையில்தான். பெஹாலாவில் இதையெல்லாம் சொந்தத் தம்பியின் சாதனைபோல் பேசுவார்கள். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனால் என் மேலதிகாரியின் மேசைக் கண்ணாடிக்கடியில் இருந்தது கங்கூலியின் படமன்று. அடர்ந்த மீசையோடு கூடிய சர் அசுதோஷ் முகர்ஜியின் படம். "உங்கள் ராமனைக் கண்டுபிடித்தவர் இவர்" என்பார். ராமன் தம்மைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டார், இடம் கொடுத்தவர்தாம் அசுதோஷ் என்று நான் மறுப்பேன். இந்த வழக்கு எங்களுக்குள் நான்கு ஆண்டு நடந்தது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1907-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், நிதித்துறை உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா போனவர். பௌபஜார் தெரு 210-ஆம் எண்ணில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அறிவியல் சங்கம் இருந்தது. ராமன் கதவைத் தட்டியபோது திறந்தவர் ஆசு பாபு என்னும் அசுதோஷ் தே. உள்ளே அழைத்தவர் மகேந்திரலாலின் மகன் அமிர்தலால் சர்க்கார். காலையும் மாலையும் ஆராய்ச்சி, இடையில் அரசாங்கக் கணக்கு என்று பத்தாண்டு போயிற்று. இதற்கிடையே தாரகநாத் பாலித் கொடுத்த பெருங்கொடையால் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அந்தப் பதவிக்கு அசுதோஷ் தேர்ந்தெடுத்தவர் ராமன். முதுகலைப் பட்டத்துக்குமேல் பட்டம் இல்லாத, வங்காளியல்லாத, நிதித்துறை அதிகாரி. வங்காளத்தில் அப்போது திறமைக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. கொடையாளியும் வங்காளி, பல்கலைக்கழகமும் வங்காளத்தது. "நம்மவருக்கே" என்று அவர் சொல்லியிருந்தால் குறைசொல்ல ஆளில்லை.

ஒரு தடை மட்டும் இருந்தது. பேராசிரியராக வருகிறவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற்று வரவேண்டும் என்பது விதி. ராமன் மறுத்தார். விதிக்காக ராமனை விடுவதா, ராமனுக்காக விதியை விடுவதா? விதி போயிற்று. 1917-இல் ராமன், அரசாங்கம் தந்ததைவிடக் குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். அப்போது அசுதோஷ் துணைவேந்தராகக்கூட இல்லை. ஆனால் அப்பல்கலைக்கழகத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. கடல் கடந்து போக மறுத்த அதே ராமன் 1921-இல், பல்கலைக்கழகத்தின் சார்பாளராக ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்குக் கப்பலேறினார் என்பதும், அந்தப் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு எழுப்பிய கேள்விதான் 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கண்டுபிடிப்புக்கும் 1930-இன் நோபெல் பரிசுக்கும் வழிவிட்டது என்பதும் நீங்கள் அறிந்தவை. அதே 1921-இல் திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணனையும் தத்துவப் பேராசிரியராகக் கல்கத்தாவுக்கு வரவழைத்தவர் அசுதோஷ்.

விதியை விடுவது என்றதும் எனக்கு 2018 செப்டம்பர் நினைவுக்கு வருகிறது. 4-ஆம் நாள் மாலை மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தது. நகரத்தையும் பெஹாலாவையும் இணைத்த பெரும்பாலம் அது. புதிய பாலம் திறக்க 2020 டிசம்பர் ஆயிற்று. எங்கள் தொழிற்சாலையில் ஒன்பது மணிக்கு வாயிற்பதிவேடு மூடப்படும். மூன்று முறை தாமதித்தால் அரைநாள் கூலி போகும். அந்த விதியில் என் மேலதிகாரி இரும்பு. கூலிக் கணக்கு அவர் பொறுப்பு. மறுநாள் அவர் பதிவேட்டைத் தம் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, பாலத்துக்கு அப்பாலிருந்து வருகிறவர்களுக்குப் பத்து மணி என்று சிவப்பு மையால் எழுதிக் கையொப்பமிட்டார். அப்பாலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பீகாரிகள், ஒரியாக்காரர்கள். நிர்வாகம் காரணம் கேட்டபோது, "பாலத்தை அவர்களா இடித்தார்கள்?" என்று ஒரே வரி எழுதி அனுப்பினார்.

இவ்வளவு சொன்னதால் அவரை ஒரு மகானாக நினைத்துவிட வேண்டாம். அந்த ஒரியாத் தொழிலாளர்களைத் தலை நரைத்தவர் என்றும் பாராமல் "துய்" என்றே அவர் அழைத்தார். தம்மவர் ஒருவர் புதிதாக வேலைக்கு வந்தால் பதவியைக் கேட்ட கணத்தில் அவர் குரல் ஒரு படி ஏறும், அல்லது ஒரு படி இறங்கும். அதை நான் பக்கத்து மேசையிலிருந்து நான்கு ஆண்டு பார்த்தேன். எனக்குக் கிடைத்தது அவருடைய குணத்தின் பயன் பாதி. நான் அவருக்கு விளங்காத புதிராக இருந்ததன் பயன் பாதி. அந்நியனாக இருப்பதில் ஒரு விடுதலை இருக்கிறது. அதை அனுபவிக்கத்தான் உங்களை வெளியே போகச் சொல்கிறேன்.

அனுபவித்தவர்கள் அதைப் பிறருக்குக் கொடுத்தார்களா என்பது வேறு கேள்வி. சற்றுக் கசப்பான கேள்வியும்கூட. அசுதோஷ் 1924-இல் மறைந்தார். அதற்குப்பின் ராமனே பௌபஜாரில் பலருக்கு மேலதிகாரி. கல்லூரி வாயிலை மிதியாத ஆசு பாபுவின் பெயரைத் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் தம் பெயரோடு அச்சேற்றிய பெருந்தன்மை அவரிடம் இருந்தது. ஆயினும் தென்னாட்டு இளைஞருக்கே இடம் கொடுக்கிறார் என்ற முணுமுணுப்பு ஆண்டுக்காண்டு வளர்ந்தது. 1933-இல் அவர் பெங்களூருக்குப் போனார். சங்கத்தில் புதிதாக ஏற்பட்ட மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் பதவிக்கு வந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். மறு ஆண்டே சங்கத்தின் கூட்டத்தில் பூசல் வெடித்து, ராமன் செயலர் பொறுப்பை இழந்தார். கிருஷ்ணனின் தகுதியை எவரும் குறைசொல்ல முடியாது. குற்றச்சாட்டில் எவ்வளவு நியாயம், எவ்வளவு மாகாணப் பொறாமை என்று இன்றும் வழக்காடலாம். என் மேலதிகாரி அந்தக் கதையை மட்டும் என்னிடம் சொன்னதே இல்லை. நானாகப் படித்துத் தெரிந்துகொண்டு கேட்டபோது, "நல்ல வீட்டிலும் பாகப்பிரிவினை உண்டு" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

2020-இல் அவர் எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார். பெருந்தொற்று ஆண்டின் துர்க்கா பூசை. பெஹாலாவின் பரிஷா மன்றத்தில் பல்லப் பௌமிக் என்னும் சிற்பி, துர்க்கையை இடுப்பில் குழந்தையோடு ஊர் திரும்பும் கூலிக்காரத் தாயாக வடித்திருந்தார். "உங்கள் ஊரிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் நடந்து வந்தார்கள்" என்று படத்தின் கீழே எழுதியிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை.

அது குறையா, செய்தியா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. ஆனால் கணக்கு திரும்பிவிட்டது என்பது தெளிவு. அன்று வேலைக்காக நாம் கல்கத்தா போனோம். இன்று வங்காளத்துப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் வருகிறார்கள். இப்போது மேலதிகாரி நாம். மால்டாவிலிருந்து வந்தவன், பாட்னாவிலிருந்து வந்தவன், கட்டாக்கிலிருந்து வந்தவன் எல்லாரும் நமக்கு ஒரே 'வடக்கன்'. விஜயவாடா வரைக்கும் மதராஸ் என்று நினைத்த மனிதரைக் கண்டு சிரித்த எனக்கு, இதைக் கேட்கும்போது சிரிப்பு வரவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. அரசும் காவல்துறையும் உடனே மறுத்தன. பொய்தான், ஆனால் அந்தப் பொய்யை நம்பிப் பலர் மூட்டை கட்டினார்களே, ஏன்? மெய் என்று நம்பும்படிதானே நம் தினசரிப் பேச்சு அவர்கள் காதில் விழுந்திருக்கிறது!

நம் வளாகத்தில் புதிய கட்டடம் எழும்புகிறது. சாரத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் பேசுவது வங்காளம். அவர்களில் ஒருவரிடம் நான் அரைகுறை வங்காளத்தில் பேசியபோது, மூன்று ஆண்டாக இங்கே இருப்பதாகவும், பேருந்துப் பலகையைத் தம்மால் வாசிக்க முடியாததால் யாரையாவது கேட்டே ஏறுவதாகவும் சொன்னார். கூலிச் சீட்டில் தமிழில் எழுதியிருப்பது என்னவென்றும் அவருக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுகிறார்.

நம் பேரவை ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடுவதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆண்டு ஒரு சிறு காரியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அந்தத் தொழிலாளருக்கு மாலையில் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்போம். இலக்கணம் வேண்டாம், திருக்குறள்கூட முதல் மாதத்தில் வேண்டாம். பேருந்துப் பலகை, மருத்துவமனை அறிவிப்பு, கூலிச் சீட்டு இம்மூன்றும் வாசிக்கத் தெரிந்தால் போதும். கூலிச் சீட்டிலிருந்தே தொடங்கலாம். அவர்கள் எண்களை நமக்குச் சொல்லித்தரச் சொல்லியும் கேட்கலாம். நான்கையும் ஏழையும் பற்றி முன்கூட்டியே எச்சரித்துவிட்டேன். வாரம் இரண்டு மாலை. எட்டுப் பேர் முன்வந்தால் ஆளுக்கு மாதம் ஒரு முறைதான் முறை வரும். கரும்பலகை ஒன்று பழைய வகுப்பறைக் கட்டடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. விடுதி உணவுக்கூடம் ஒன்பது மணிக்குமேல் காலியாகத்தான் இருக்கிறது. விளக்கு மட்டும் எரிகிறது.